தண்ணீர் புகாத அட்டை

என் அக்காவுக்குத்தான் எப்போதும் எல்லாம் கிடைக்கும். கடைசியில், எங்கள் ஊருக்கு வருவதாகச் சொல்லியிருந்த புயலும் அவளுக்கே கிடைத்தது.

இப்படிச் சொல்வது தப்பு என்று எனக்குத் தெரியும். அவளுடைய ஊரில் கூரைகள் பறந்தன, கட்டிவைத்த படகுகள் தெருவுக்குள் வந்து கிடந்தன, மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆனாலும் மனசு என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டா நினைக்கிறது? நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்காவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு அவளுக்கு. நீளக் கூந்தல் அவளுக்கு. ஓட்டப்பந்தயக் கோப்பை அவளுக்கு. வீட்டுக்கு யாராவது வந்தால் அப்பா "இவ எங்க பெரியவ" என்று ஒரு குரலில் சொல்வார். "இது சின்னது" என்று என்னைக் காட்டும்போது குரல் பாதியாகிவிடும். பிறப்பதிலேயே அவள் முந்திக்கொண்டாள், அப்புறம் நான் என்ன செய்ய முடியும்?

அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். தூங்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் கழுத்தில் விசில் தொங்கும். அவளுடைய இரண்டு பையன்களும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். நான் எங்கள் ஊரில், கடலிலிருந்து மூன்றாவது தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முன்னறை கடை, பின்னறை வீடு. என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். வருடத்தில் எட்டு மாதம் அவர் எனக்கு வெறும் போன் குரல்தான். எனக்கென்று முழுசாக இருப்பது என் ஒன்பது வயது மகள். தெருவில் எல்லோருக்கும் அவள் குட்டி. அக்காவிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்றால் அது அவள் மட்டும்தான்.

புயல் எங்கள் ஊரில்தான் கரையைக் கடக்கும் என்று அறிவித்த அன்று, தெருவே என் கடைக்கு வந்துவிட்டது. 'லேமினேஷன் செய்யப்படும். தண்ணீர் புகாது, உத்தரவாதம்' என்று வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறேன். பத்து வருடமாக அதை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்று எல்லோரும் அதைப் படித்தார்கள். வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் போட்டோ, மருத்துவர் சீட்டு என்று ஆளுக்கொரு கட்டு. பக்கத்துக் கடை சலூன்காரர் அவருடைய விலைப்பட்டியலைக் கொண்டுவந்தார்.

"ஏங்க, ஊரே பத்திரத்தைத் தூக்கிட்டு வருது, நீங்க இதைக் கொண்டு வர்றீங்களே?"

"பத்திரமெல்லாம் என்கிட்ட ஏதுக்கா? என் கையில இருக்கிற ஒரே ஆவணம் இதுதான்."

காலையிலிருந்து மிஷின் அணையவேயில்லை. இரண்டு விரல் நுனியும் சுட்டுக் கொப்பளித்திருந்த நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, குட்டியை இங்க அனுப்பு. எங்க பக்கம் வெறும் மழைதானாம். எங்களுது ரெண்டாவது மாடி, பலமான கட்டடம். உன் கடல் வீட்டுல பிள்ளையை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

'உன் கடல் வீடு' என்றாள். நானே கடலைக் கூப்பிட்டு வாசலில் உட்காரவைத்த மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை; அதுதான் அவளிடம் எனக்கு எப்போதும் உள்ள தொல்லை. சலூன்காரரின் தம்பி வேனில் அந்தப் பக்கம் போகிறார் என்று தெரிந்ததும், குட்டியையும் அனுப்பிவைக்க ஒப்புக்கொண்டேன்.

கூட்டத்தில் எங்கேயாவது தவறிவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு ஒரு அட்டை செய்தேன். அவள் பெயர், வகுப்பு, ரத்த வகை, அம்மா என்று என் பெயர், என் போன் நம்பர். அதற்குக் கீழே 'உடன் இருப்பவர்' என்று ஒரு வரி அடித்தேன். அதில் அக்காவின் பெயரும் நம்பரும் வரவேண்டும். விரல் அங்கேயே நின்றது. அட்டையில் இரண்டு பெண்களின் பெயர் இருந்தால் பார்க்கிறவர்கள் யாரை அம்மா என்று நினைப்பார்கள்? அக்கா பக்கத்தில் நிற்கும்போது என்னை யாரும் கவனித்ததே கிடையாது. அந்த வரியை அழித்தேன். மிச்சமான இடத்தில் என் பெயரை இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தாக்கினேன். அச்செடுத்து, லேமினேட் செய்து, ஓட்டை போட்டு, கயிறு கோத்து குட்டியின் கழுத்தில் மாட்டினேன்.

மறுநாள் காலையில் புயல் கடலிலேயே திரும்பிக்கொண்டது. கரையை ஒட்டியே வடக்கே போய், நண்பகலில் அக்காவின் ஊரில் ஏறியது. நான் அப்போது, எங்கள் தெருவையே கொண்டுபோய்த் தங்கவைத்திருந்த உயர்நிலைப் பள்ளியில், தெருக்காரர்கள் வாங்காமல் விட்ட காகிதங்களை இரண்டு பைகளில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சாதாரண மழை பெய்தது. வானொலியில் அவள் ஊரின் பெயரைச் சொன்னார்கள். என் பிள்ளையை நானே பொட்டலம் கட்டி, பெயர் எழுதி, புயலுக்கு அனுப்பிவைத்திருக்கிறேன்.

இரண்டு நாள் போன் கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாளைப் பற்றி நான் பேசுவதில்லை.

மூன்றாம் நாள் வழி திறந்ததும் சலூன்காரர் தன் தம்பியின் வேனில் என்னை அழைத்துப் போனார். விசாரித்து விசாரித்து ஒரு கல்லூரியில் நடந்த முகாமைக் கண்டுபிடித்தோம். வராந்தாவில், பிள்ளைகளை வைத்திருந்த அறையின் கதவுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தலைமுடி சிக்குப்பிடித்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு. பக்கத்தில் குட்டி இல்லை. எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ.

"பிள்ளையை உள்ள தனியா விட்டுட்டு நீ இங்க உக்காந்து காத்து வாங்கறியா?"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அக்கா கதவைக் காட்டினாள்.

"உள்ள போ. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா," என்றாள்.

உள்ளே மேசையில் இருந்த பெண் என் அடையாள அட்டையையும் குட்டியின் அட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "சரிதாம்மா, கூட்டிட்டுப் போங்க" என்றாள். கேள்வியே கேட்கவில்லை. அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு பெருமை எழுந்ததை மறைக்க மாட்டேன். அட்டையில் இருந்த ஒரே பெயர் என்னுடையது. குட்டி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன். வெளியே வந்ததும் அவள் என்னை விட்டுவிட்டு அக்காவைப் போய்க் கட்டிக்கொண்டாள். என்னைவிட நேரம் அதிகம். அக்கா தன் கழுத்து விசிலைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டாள். எங்களோடு வா என்று நான் ஒரு தடவை கூப்பிட்டேன். இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. வீட்டைச் சுற்றித் தண்ணீர் வடியவேண்டும், பள்ளியில் என்ன ஆயிற்று என்று பார்க்கவேண்டும் என்று அவள் நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு என் கடைதான் எங்கள் தெருவுக்குப் புயல் மண்டபம் ஆயிற்று. லேமினேட் செய்ததை வாங்க வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு உடனே கிளம்புவதில்லை. ஆளாளுக்கு ஒரு அனுபவம். வராத புயலைப் பற்றி இவ்வளவு பேச முடியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சலூன்காரரின் பெயர்ப்பலகை விழுந்துவிட்டது. ஒரு வருடமாக ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த பலகை அது. அவர் சொல்லும்போது காற்று அதைப் பிடுங்கி எறிந்ததாகவும், தன் காதோரம் உரசிக்கொண்டு போனதாகவும் வந்தது. ஓய்வுபெற்ற லிப்ட் ஆபரேட்டர் ஒருவர் உண்டு. எந்நேரமும் வானத்தைப் பார்த்துப் பேசுவதால் அவருக்கு வானிலை என்றே பெயர். புயல் திரும்பும் என்று தனக்கு முன்பே தெரியும் என்றார். "அப்ப ஏன் சார் முதல் ஆளா பள்ளிக்கூடத்துல பாய் விரிச்சீங்க?" என்று பேக்கரியம்மா கேட்டாள். அவள் பங்குக்கு, முகாமுக்கென்று நானூறு ரொட்டி சுட்டு, பாதியை யாரும் தொடாமல், இப்போது வீட்டில் மூன்று வேளையும் ரொட்டியே ஓடுகிறதாம்.

"டிவிக்காரன் நம்ம கடற்கரையில ரெண்டு நாள் குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்," என்றார் சலூன்காரர். "என் கடையில வந்து ஷேவிங் கூடப் பண்ணிக்கிட்டான். புயல் திரும்புனதும் சொல்லாம கொள்ளாம வண்டியை எடுத்துக்கிட்டு அங்க ஓடிட்டான்."

"நமக்குன்னு வந்தது," என்றார் வானிலை. அந்தக் குரலில் கொஞ்சம் ஏக்கம்கூட இருந்தது. தப்பித்தோம் என்று வாய் சொன்னாலும், அந்த ஊரின் பெயர் செய்தியில் வரும்போதெல்லாம் எங்கள் ஆட்களின் முகம் சுருங்கியது. பொறாமை எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

ஆனால் இவர்கள் கதையெல்லாம் குட்டி பள்ளிவிட்டு வரும்வரைதான். தெருவில் நிஜப் புயலைப் பார்த்த ஒரே ஆள் அவள். பையை இறக்குவதற்குள் பேக்கரியம்மா நாற்காலி இழுத்துப் போடுவாள். குட்டி விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பாள்.

"முதல்ல ஜன்னல் போச்சு. பெரிம்மா என்னைப் பாத்ரூமுக்குள்ள தள்ளிட்டு, மெத்தையை இழுத்துட்டு வந்து எங்க மேல போட்டுக்கிட்டாங்க. ரெண்டு மணி நேரம்! பெரிம்மா விசில் ஊதுவாங்க, அப்புறம் நான் ஊதுவேன். நான் அழுதா பெரிம்மா என்ன சொல்லுவாங்க தெரியுமா? 'புயலுக்கு ரெண்டு ரவுண்டு ஓட்டம் குடுத்திருக்கேன், முடிஞ்சதும் போயிடும்'னு சொல்லுவாங்க!"

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குத் தெரியும், அது நல்ல பேச்சுதான். எனக்கு அப்படியொன்று அந்த இடத்தில் தோன்றியிருக்காது. நான் குட்டியைவிடச் சத்தமாக அழுதிருப்பேன். அது தெரிந்ததால்தான் இன்னும் எரிந்தது. பெரிம்மா மெத்தை, பெரிம்மா விசில், பெரிம்மா மொட்டைமாடியில் துணியைக் காட்டிப் படகை நிறுத்தியது. ஒவ்வொரு நாளும் கதை வளர்ந்தது, அதில் பெரிம்மாவும் வளர்ந்தாள். அம்மா என்று ஒரு ஆள் அந்தக் கதையில் எங்கேயும் இல்லை. பத்து மாதம் சுமந்தேன், ஒன்பது வருடம் வளர்த்தேன். ஒரு குளியலறையில் இரண்டு மணி நேரம் இருந்து என் பிள்ளையை வாங்கிக்கொண்டுவிட்டாள். இரவு என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "லீவுக்குப் பெரிம்மா வீட்டுக்குப் போலாமா? வீட்டைச் சரிபண்ண உதவி பண்ணணும்" என்று குட்டி கேட்டாள். பார்க்கலாம் என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குட்டியைக் கூட்டிவந்த நாலாம் நாள் மாலை. வானிலை ஏதோ ஒரு வரைபடத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தார். சலூன்காரரும் பேக்கரியம்மாவும் வழக்கம்போல் இருந்தார்கள். முகாமைப் பற்றிப் பேச்சு வந்தது.

"முகாம்லயும் பெரிம்மாகூடத்தானே இருந்த?" என்று பேக்கரியம்மா கேட்டாள்.

"இல்ல. எங்களைப் பிரிச்சிட்டாங்க."

மிஷினுக்குள் தாளைத் தள்ளிக்கொண்டிருந்த என் கை நின்றது. இந்தப் பகுதியை நான் கேட்டதேயில்லை.

"அங்க ஒரு ஆன்ட்டி என் கார்டைப் பார்த்தாங்க. இதுல அம்மா பேரு மட்டும்தான் இருக்கு, வேற யார்கிட்டயும் குடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. பிள்ளையைத் திருடிட்டுப் போறவங்க இருக்காங்களாம். பெரிம்மா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாங்க. அப்புறம் என்னை உள்ள விட்டுட்டு, கதவுகிட்ட ஒரு சேர் போட்டு உக்காந்துக்கிட்டாங்க. ராத்திரி பூரா அங்கேயேதான். நான் எட்டிப் பார்த்தா கை காட்டுவாங்க. ஒரு மாமா எல்லாரையும் வேற ஹாலுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாரு, அதுக்கும் பெரிம்மா போகல."

காத்து வாங்கறியா என்று நான் கேட்டது என் காதிலேயே திரும்ப ஒலித்தது. ஒற்றைச் செருப்போடு இருந்த அந்தக் காலும் கண்முன் வந்தது.

"ஏன் பெரிம்மா பேரு இல்லைன்னு கேட்டேன்," குட்டி தொடர்ந்தாள். "தண்ணியில நனைஞ்சு அழிஞ்சிருக்கும்னு சொன்னாங்க."

சொல்லிவிட்டு, பையின் பக்கவாட்டு அறையிலிருந்து அட்டையை எடுத்தாள். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள். ஓரங்களை நகத்தால் நெருடினாள். ஜெராக்ஸ் கடைக்காரியின் மகள். நடக்கப் பழகியதே இந்த மிஷினுக்குப் பக்கத்தில்தான்.

"அம்மா, லேமினேட் பண்ணதுல எப்படித் தண்ணி போகும்?"

 வாசல் பலகையை எல்லோரும் பார்க்காமல் பார்த்தார்கள். சலூன்காரர்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"மிஷின் பழசு பாரு குட்டி. ஓரத்துல சரியா ஒட்டியிருக்காது, உள்ள கசிஞ்சிருக்கும். இல்லக்கா?"

நல்ல மனிதர். எனக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மிஷின் மேல் பழியைப் போட்டுவிட்டு, நான் அம்மாவாகவே இருந்துகொள்ளலாம். அக்காவும் அதைத்தான் விரும்பியிருக்கிறாள். எனக்காகத்தான் தண்ணீர் மேல் பழி போட்டிருக்கிறாள். அத்தனை பேருக்கு முன்னால் நான் கத்தியதற்கும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. இதிலும் அவள்தான் முந்தி நிற்கிறாள். அந்த நொடியில், உண்மையைச் சொல்கிறேன், நன்றி வருவதற்கு முன்னால் பொறாமைதான் வந்தது. இப்படி ஒரு பெரிய மனசு எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்ற பொறாமை.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு," என்றேன். "அழியல குட்டி. அம்மாதான் எழுதல."

பேக்கரியம்மாவுக்குத் திடீரென்று அடுப்பு ஞாபகம் வந்தது. சலூன்காரருக்கு ஒரு வாடிக்கையாளர் ஞாபகம் வந்தது. வானிலை தன் வரைபடத்தை வாங்காமலே போனார். குட்டி மட்டும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மறந்துட்டியா?"

"மறக்கல. அந்த வரியை எழுத ஆரம்பிச்சு அழிச்சிட்டேன்."

"ஏன்?"

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எதைச் சொல்வது? உள்ளதையே சொன்னேன்.

"பொறாமை. உன்னை யாராவது பெரிம்மா பொண்ணுன்னு நினைச்சிடுவாங்களோன்னு."

அவள் திட்டுவாள், அழுவாள், விசிலையாவது ஊதுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வகுப்பில் பென்சில் திருடிய பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"பெரிம்மா ராத்திரி பூரா அந்தச் சேர்லயே உக்காந்திருந்தாங்கம்மா," என்றாள். அவ்வளவுதான். பிறகு கம்ப்யூட்டர் முன் இருந்த ஸ்டூலை எனக்காக இழுத்துப் போட்டாள். "புதுசா ஒண்ணு போடு."

உட்கார்ந்தேன். பழைய கோப்பைத் திறந்தேன். என் பெயர் எத்தனை பெரிதாக இருந்தது என்பது திரையில் பார்க்கும்போதுதான் உறைத்தது. அதைச் சின்னதாக்கினேன். 'உடன் இருப்பவர்' என்று மறுபடி அடித்தேன். குட்டி என் தோளுக்குப் பின்னால் நின்று, "அப்படிப் போடாத. பெரிம்மான்னு போடு" என்றாள். அப்படியே போட்டேன். அக்காவின் நம்பருக்காகப் போனை எடுத்தேன். அவள் நம்பர் எனக்கு எப்போதும் நினைவில் நிற்பதில்லை.

போனைத் திறப்பதற்குள் குட்டி பத்து எண்ணையும் சொல்லிவிட்டாள். மூச்சு விடாமல், ஒரு பாட்டு மாதிரி, ஐந்தாவது எண்ணில் ஒரு இழுப்போடு.

"இது எப்படித் தெரியும் உனக்கு?"

"பாத்ரூம்ல பெரிம்மா சொல்லிக்குடுத்தாங்க. பத்து நம்பர் சொல்லி முடிச்சாத்தான் ஒரு விசில். தப்பாச் சொன்னா மறுபடி முதல்லேருந்து. கார்டுல இல்லாததைத் தலையில வச்சுக்கணும்னு சொன்னாங்க."

விசைப்பலகைமேல் என் விரல்கள் கிடந்தன. அப்படியானால் அக்கா அந்த அட்டையை அப்போதே படித்திருக்கிறாள். வெளியே கூரைகள் பறந்துகொண்டிருந்தபோது, ஒரு மெத்தைக்கு அடியில், தன் பெயர் அதில் இல்லை என்பதும் ஏன் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அம்மா நம்பர் சொல்லு பார்க்கலாம்," என்றேன். குரல் எனக்கே பிடிக்காத ஒரு குரலாக வந்தது.

குட்டி வாயைத் திறந்தாள். முதல் மூன்று எண்கள் வந்தன. அப்புறம் கண்களை மேலே உருட்டி யோசித்தாள். அப்புறம், மெதுவாக, கையிலிருந்த பழைய அட்டையைக் குனிந்து பார்த்தாள்.